பொட்டு வைக்காத சாட்டை

மூன்று வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள் நடந்தது இது. இடம், தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நான் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனி. எங்கள் கம்பெனி விழாவில் பாட்டுப் பாடியவர்கள் உண்டு, ஆடியவர்கள் உண்டு, மிமிக்ரி என்ற பெயரில் மேனேஜரைக் கிண்டல் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. சாட்டையோடு போய் நின்றவள் நான் ஒருத்திதான்.

ஆமாம், சாட்டைதான். எனக்குச் சாட்டை பின்னுவதும், பின்னிய சாட்டையைச் சொடுக்குவதும் பொழுதுபோக்கு. யாரையும் அடிக்க இல்லை, மாடு ஓட்டவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா சமோசா செய்து பார்க்கிறார், எதிர் வீட்டுக்காரர் மீன் தொட்டி வைத்திருக்கிறார், நான் சாட்டை சொடுக்குகிறேன். இதில் என்ன அதிசயம் என்று நான் கேட்பேன். அதிசயம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நாள், போனில் எதையோ பார்க்கப் போய், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பெண் நீளமான சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றி ‘டப்’பென்று சொடுக்குவதைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் என் கை நமநமவென்றது. எனக்கு இரண்டு பெண்கள். பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடை கட்டாயம். தினமும் காலையில் நாலு ஜடை பின்னிவிட்டு வேலைக்கு ஓடுகிறவளுக்குச் சாட்டை பின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன்.

நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. முதல் சாட்டை தேய்ந்துபோன துடைப்பம் மாதிரி வந்தது. உள்ளே ஒரு கயிற்றை வைத்து அதைச் சுற்றிப் பின்ன வேண்டும், இழைகளை ஒரே இறுக்கத்தில் இழுக்க வேண்டும், பிடியிலிருந்து நுனிக்குப் போகப் போக ஒவ்வொரு இழையாகக் குறைத்து மெலிதாக்க வேண்டும். கடைசியில் நூலை முறுக்கி ஒரு வால் கட்ட வேண்டும். அந்த வால்தான் சத்தம் போடும். கை அசைவு பிடியில் ஆரம்பித்து நுனிக்குப் போவதற்குள் அவ்வளவு வேகம் எடுத்துவிடும். அந்த வேகம் தாங்காமல் காற்றே வெடிக்கிறது. இதெல்லாம் எனக்குப் புரிவதற்குள் சாட்டை என் காதையே இரண்டு தடவை பதம் பார்த்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் பழகினேன்.

என் வீட்டுக்காரர் அத்திப்பட்டுப் பக்கம் கான்ட்ராக்டில் வெல்டர். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாமே இது, ஹெல்மெட்டு போட்டுக்கினு கயிறு சுத்திக்கினு கீற? பாக்கறவன் இன்னா நெனப்பான்?”

“உனக்கும் எனக்கும் சண்டைன்னு நெனப்பான். நெனச்சிட்டுப் போவட்டும்” என்றேன்.

அதற்கப்புறம் தெருவில் உள்ள ஆண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தால் மரியாதையாக வழிவிட ஆரம்பித்தார்கள் என்பது தனிக் கதை.

சரியாகச் சொடுக்க வந்த அன்று நான் அழுதுவிட்டேன். ஒரு வாரம் முழுக்க அட்டைப்பெட்டி மடித்து, டேப் ஒட்டி, மரத்துப்போன கையில் அந்த ஒரு சத்தம் கேட்டது. உடம்பு முழுக்கத் தட்டி எழுப்பியது போல இருந்தது. அதற்கப்புறம் விட முடியவில்லை.

பிரச்சினை என்னவென்றால் அந்தச் சத்தம்தான். கவரைப்பேட்டையில் எங்கள் தெரு முனையில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. நான் ஒரு தடவை சொடுக்கினால் போதும், “ஃபியூஸ் போச்சு, ஃபியூஸ் போச்சு” என்று தெருவே வெளியே வந்துவிடும். ஃபிரிட்ஜை அணைப்பவர்கள், மோட்டாரை நிறுத்துபவர்கள், மின்வாரியத்துக்குப் போன் போடுபவர்கள். லைன்மேன் ஒரு நாள் ஏணியோடு வந்து, மேலே ஏறி, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து, கீழே நின்ற என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அத்துடன் தெரு எனக்குத் தடை. ஏரிக்கரைக்குப் போனேன். எருமை மேய்ப்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரே சத்தத்தில் அத்தனை எருமையும் கோரைக்குள் ஓடி ஒளிந்துகொண்டதாம்.

கடைசியில் எனக்குக் கிடைத்த இடம் கம்பெனியின் பின்பக்கம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய காலி மைதானம். ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்புவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். முதல் நாளே ஆசை தீர ஒரு சொடுக்குச் சொடுக்கினேன்.

அடுத்த நிமிடம் சைரன் அலறியது. எமர்ஜென்சி. எங்கள் கம்பெனியில் சைரன் அடித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு முன்பக்க அசெம்பிளி பாயிண்டுக்கு ஓடி வரிசையில் நிற்க வேண்டும். நானும் ஓடினேன். சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே என்ன வெடித்ததோ, யாருக்கு என்ன ஆனதோ என்று கவலையோடு வரிசையில் நின்றேன். ஆள் கணக்கெடுத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி வாக்கி டாக்கியோடு அங்கும் இங்கும் ஓடினார். பின்பக்கம் காவலுக்கு நின்ற செக்யூரிட்டி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

“பின்னாடி கிரவுண்டு சைடுல டமார்னு ஒரு சவுண்டு சார். கம்ப்ரஸர்தான் போயிருக்கும்னு நெனக்கறேன்.”

பின்னாடி கிரவுண்டு என்றதும்தான் எனக்கு உறைத்தது. வரிசையை விட்டு வெளியே வந்து, “சார், அது ஒருவேளை இதுவா இருக்கும்” என்று தோளில் இருந்ததைக் காட்டினேன். அதிகாரி நம்பவில்லை. “இந்தக் கயித்துல இருந்தா? எங்கே, பண்ணிக் காட்டுங்க” என்றார். காட்டினேன். முன்வரிசையில் நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் சிரிப்பதற்குக்கூடப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் சிரிப்பார் என்று நாங்கள் சொல்வோம். அன்றைக்குச் சிரிக்கவே இல்லை. “இது இனிமே கேட்டுக்குள்ள வரக்கூடாது” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தெருவும் போய், ஏரியும் போய், இதுவும் போனால் நான் சாட்டையைப் பரணில் போட வேண்டியதுதான்.

காப்பாற்றியவர் பிளான்ட் மேனேஜர். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஆயுத பூஜை விழாவில எல்லா ஃபேமிலியும் வருவாங்க. அதுல இவங்க செய்யட்டும். பாதுகாப்பா செய்ய முடியுதான்னு நீங்க நேர்ல பாருங்க. நீங்க சொல்றதுதான் முடிவு” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதாவது, அன்றைக்கு நான் சரியாகச் செய்தால் மைதானம் எனக்கு. சொதப்பினால் சாட்டைக்கு இந்த பூமியில் இடமே இல்லை.

வந்தது ஆயுத பூஜை. கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் வாங்கிய கறுப்பும் சிவப்புமான நைலான் கயிற்றில், எட்டுப் புரி வைத்துப் பின்னிய என் நல்ல சாட்டையை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனியே கழுவித் துடைத்து ஜொலித்தது. வாசலில் வாழை மரம், உள்ளே மாவிலைத் தோரணம், முன் மைதானத்தில் ஷாமியானா. புதுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக நாங்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பிறகு வருவதாக ஏற்பாடு. என் பெரியவளுக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம். “எல்லா அம்மாவும் கோலப் போட்டியில சேருவாங்க, நீ மட்டும் ஏம்மா இப்படி?” என்று காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பையைப் பேக்கிங் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுக் கோலத்துக்குக் கலர் போடப் போனேன். பூஜை முடிந்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்த பிறகுதான் திரும்பி வந்தேன். பை காலியாக இருந்தது.

எங்கள் பேக்கிங் லைனில் எல்லோருக்கும் மூத்தவர் ஓர் அக்கா. ஆரம்பாக்கத்துக்காரர். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ், முழுக்க அன்பு. “யக்கா, என் சாட்டை எங்கே?” என்றேன்.

அக்கா முகமெல்லாம் பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினார். பூஜை மேசையில் டேப் மெஷின், கத்தரி, சீல் அடிக்கும் கருவி இவற்றுக்கு நடுவில், சுருட்டி வைத்த என் சாட்டை. பிடியில் சந்தனம், குங்குமம். மேலே ஒரு சாமந்திப்பூ.

“உன் ஆயுதம் அதானேடி. மத்த எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டு அத்த மட்டும் பைக்குள்ள வுட முடியுமா?”

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆயுத பூஜையில் வைத்த பொருளை அன்றைக்குத் தொடக் கூடாது. அதற்கு அன்று ஓய்வு. விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கும் நாளில், மறுபடியும் கற்பூரம் காட்டிய பிறகுதான் கை வைப்போம்.

இன்றைக்கு அதைத்தான் சொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அக்காவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். பூஜை செய்யத் திருவள்ளூரிலிருந்து வந்திருந்த பட்டாச்சாரியாரிடம் ஓடிப்போய்க் கேட்டோம். அவர், “மனசார வேண்டிண்டு எடுத்துக்கோம்மா, தோஷமில்லை” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நான் மேசையை நோக்கிக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“சாமி சொல்லிட்டு பஸ் ஏறிப் பூடுவாரு. நாளிக்கு லைன் நின்னா நாமதானே பேஜாராவணும்? போன வருசம் இன்னா ஆச்சின்னு மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் மெயின்டனன்ஸ்காரர் ஒருவர் பூஜையில் வைத்த ஸ்பேனரை எடுத்து ஷாமியானா போல்ட்டை முடுக்கினார். விடுமுறை முடிந்து வந்தால் கன்வேயர் ஓடவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி பயம். ஆனால் ஒன்று நிச்சயம். நான் அதை எடுத்துவிட்டு, அப்புறம் அந்த வருடத்தில் எவளுக்காவது விரலில் கத்தரி பட்டால்கூட எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிறார்களோ இல்லையோ, நானே என்னைப் பார்ப்பேன். கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. என் பெயர் கடைசியில். அதற்குள் புதிதாக ஒன்று பின்னிவிட்டால் என்ன என்று தோன்றியது. எதை வைத்துப் பின்னுவது? பேக்கிங் பட்டை உருளையைப் பார்த்தேன். பொட்டு. சாக்குத் தைக்கும் நூல்கண்டு. பொட்டு. தோட்டக்காரரின் தண்ணீர்க் குழாய். பொட்டு. துடைப்பத்துக்கும் பொட்டு, பாத்ரூம் கழுவும் பிரஷ்ஷுக்கும் பொட்டு. கம்ப்யூட்டர் ஒயருக்கு வைக்க இடமில்லாமல் மவுஸுக்கு வைத்திருந்தார்கள். எங்கள் பெண்கள் ஒரு பொருளையும் விடவில்லை. எதைத் தொட்டாலும் குங்குமம் விரலில் ஒட்டியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“எல்லாம் என்னாலதான்டி” என்று அக்கா என் முன்னால் குனிந்து என் கையைப் பிடித்தார். அவர் கழுத்திலிருந்து ஐடி கார்டு என் மூக்குக்கு நேராக ஆடியது. மஞ்சள் டேக். இழுத்தால் அறுந்து போகாத கெட்டி நாடா. அதில் பொட்டு இல்லை!

“யக்கா, டேக்கக் கழட்டு.”

ஐடி கார்டு இல்லாமல் கம்பெனிக்குள் நிற்பது எங்கள் ஊரில் சாதாரணக் குற்றம் இல்லை. பாதுகாப்பு அதிகாரி கண்ணில் பட்டால் மெமோ. அக்கா ஒரு கணம் கேட் பக்கம் பார்த்தார். அப்புறம் தலை வழியாகக் கழற்றி, கார்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு டேக்கை என் கையில் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. ஷாமியானாவுக்குள் போய் ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொன்னார். கேட்டில் நின்ற அந்தச் செக்யூரிட்டியைக்கூட விடவில்லை. “நைனா, உன்னாலதானே சைரன் அடிச்சிச்சு, நீயும் குடு” என்று வாங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் மடி நிறைய டேக்குகள். கான்ட்ராக்ட் ஆட்களின் மஞ்சள், பர்மனென்ட் ஆட்களின் நீலம், ஆபீஸ்காரர்களின் பச்சை. சாப்பாட்டு வரிசையில்கூடச் சேர்ந்து நிற்காத நிறங்கள். வெட்டக் கத்தரி கிடையாது, அதனால் வளையத்துக்குள் வளையம் விட்டுக் கோத்து நீளமாக்கினேன். பிடிக்கு, ஷாமியானாக்காரர் எறிந்த மூங்கில் துண்டு. அதில் பொட்டு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, அக்கா மூங்கிலை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் பின்ன ஆரம்பித்தேன். மேலே ஆறு புரி, நடுவில் நாலு, கடைசியில் இரண்டு. முன்பக்கம் குழந்தைகள் ஆட, பாட்டுச் சத்தத்தில் ஸ்பீக்கர் அதிர, என் விரல்கள் இதுவரை பின்னாத வேகத்தில் பின்னின. காலையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும்போது ஜடை பின்னிப் பழகிய கை அது.

பாதியில் ஒரு நிழல் விழுந்தது. பாதுகாப்பு அதிகாரி. எங்களைச் சுற்றி நின்றவர்களின் வெறும் கழுத்துகளை வரிசையாகப் பார்த்தார்.

“டேக் எல்லாம் எங்கே?”

நான் பின்னலைத் தூக்கிக் காட்டி, பூஜையில் வைத்த கதையைச் சொன்னேன். அவர் பூஜை மேசையைத் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“கார்டை எல்லாம் வெளியே தெரியற மாதிரி பாக்கெட்ல வைங்க. ஜாக்கெட்ல இருக்கறதையும் கையில எடுத்துப் பிடிங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டதில் அவர் முழங்காலுக்கு நடுவே இருந்த மூங்கில் ஆடியது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு முன்னால் கயிறு கட்டி வட்டமாக இடம் விட்டிருந்தார்கள். புதுப் புடவையை இழுத்துச் செருகி, பிள்ளைகளோடு வந்து சேர்ந்திருந்த வீட்டுக்காரரின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, மூன்று நிறச் சாட்டையோடு போய் நின்றேன். கூட்டம் ஹெல்மெட்டைப் பார்த்தே சிரித்தது. பெரியவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பாதுகாப்பு அதிகாரி கயிற்றுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சுழற்றிச் சொடுக்கினேன். ‘உஸ்’ என்றது.

இன்னும் ஓங்கி ஒரு தடவை. இன்னும் பெரிய ‘உஸ்’.

“யக்கா, பாம்பு புடிக்கிறியா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. ஹெல்மெட்டுக்குள் என் முகம் கொதித்தது. மைதானம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது. ஆனால் சாட்டை ஏன் பேசவில்லை என்றும் தெரிந்தது. டேக் நாடா அகலம். நுனியில் காற்றை வெட்டாமல் படபடத்துக்கொண்டு போகிறது. மெல்லிய வால் வேண்டும். நூல் வேண்டும். நூல்கண்டுக்கோ பொட்டு!

அக்கா கயிற்றுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம்.

“யக்கா, பூவக் குடு!”

“இன்னாடி, டேக்கு பத்தாதுன்னு பூவுமா?” என்று கேட்டுக்கொண்டே அதற்குள் ஹேர்பின்னைப் பிடுங்கிச் சரத்தை வீசிவிட்டார். நெருக்கமாகத் தொடுத்த பூ, நல்ல கெட்டி நூல். கைக்கு வந்த வேகத்தில் பூவை உருவி எறிந்துவிட்டு நூலை மடித்து மடித்து முறுக்கி, நுனியில் முடிச்சுப் போட்டேன். எல்லாப் பூவும் வரவில்லை. சில முடிச்சுகளில் மொட்டு அப்படியே இருந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்தேன். தலைக்கு மேல் ஒரு சுற்று. மணிக்கட்டைத் திருப்பினேன்.

டப்!

ஷெட் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பின. என் தலைக்கு மேலே நூலில் ஒட்டியிருந்த மல்லிகை மொட்டுகள் வெடித்துச் சிதறி, வெள்ளை வெள்ளையாக இறங்கின. அப்புறம் எழுந்த கூச்சலில் நான் அடுத்து சொடுக்கியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வலது பக்கம், இடது பக்கம், முன்னால், தலைக்கு மேல், டப், டப் என்று அந்த டேக் சாட்டை பேசித் தீர்த்தது. என் நைலான் சாட்டைகூட அப்படிப் பேசியதில்லை. என் பெரியவள் நாற்காலி மேல் ஏறி நின்று, “அது எங்க அம்மா!” என்று கத்திக்கொண்டிருந்தாள். காலையில் கூச்சப்பட்ட அதே பெண்.

கூட்டம் சூடாகிவிட்டது. என்னைப் பாம்பு பிடிக்கிறாயா என்று கேட்ட அதே ஆள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, ஒரு காகிதத்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, “இத்த அறு பாப்பம்” என்றார். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நான் சாட்டையைத் தரையில் போட்டுவிட்டேன்.

“மனுசன் கையில புடிச்சா நான் சொடுக்க மாட்டேன். நீ கயித்துக்கு அந்தாண்ட போ. போனாத்தான் நான் இத்த எடுப்பேன்.”

அவர் அசடு வழியத் திரும்பிப் போனார். நான் மாவிலைத் தோரணத்தின் ஓரத்தைக் கயிற்றுக்குள் இழுத்துக் கட்டச் சொல்லி, தூரம் பார்த்து நின்று சொடுக்கினேன். ஓர் இலை காம்போடு பறந்து விழுந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. நான் குறிவைத்தது அதற்குப் பக்கத்து இலை. இதை என் வீட்டுக்காரரிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

பாதுகாப்பு அதிகாரி மைக்கை வாங்கினார். “நான் இவங்க சொடுக்கினதைப் பார்த்ததைவிட, சாட்டையைக் கீழே போட்டதைத்தான் பார்த்தேன்” என்றார். “சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் பின்பக்க கிரவுண்டு இவங்களுக்கு. கண்ணாடி, ஹெல்மெட், கயிறு கட்டாயம்” என்று அடுக்கிக்கொண்டே போனார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டதில் ஹெல்மெட் அவர் நெற்றியில் இடித்து, இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், “ஹெல்மெட்டு என்துபா” என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று கேட்டில் பெரிய கூத்து. பாதிக் கம்பெனி டேக் இல்லாமல் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. அதிகாரியே வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்து உள்ளே விட்டார். நான் சாட்டையைப் பிரித்து டேக்குகளைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஒருவர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. “பிரிச்சின்னா உன் கூடப் பேச மாட்டேன்” என்று அக்கா சொல்லிவிட்டார். எல்லோருக்கும் புது டேக் வந்தது. இப்போதும் சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் கம்பெனி ஸ்பீக்கரில், “இன்னும் சிறிது நேரத்தில் பின்பக்க மைதானத்தில் சாட்டை சொடுக்கப்படும், யாரும் பதற்றமடைய வேண்டாம்” என்று அறிவிப்பு வரும். அப்படி அறிவித்த பிறகு சொடுக்கும் சுகமே தனி. அக்காவோடு சேர்த்து லைனில் இன்னும் சிலர் இப்போது என்னோடு பின்னுகிறார்கள். அக்கா ஒரு தடவை தன் காதிலேயே அடித்துக்கொண்டு ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

அந்த மூன்று நிறச் சாட்டை எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நூல் வாலில் காய்ந்துபோன மொட்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் எல்லாச் சாட்டைகளையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்குவேன். இதை மட்டும் வைப்பதில்லை; வைத்தால் அன்றைக்குத் தொடக் கூடாதே. ஆணியிலேயே விட்டுவிடுவேன். எனக்கு ஒன்றுமே இல்லாமல் போன நாளில் தங்கள் கழுத்திலிருந்தும் தலையிலிருந்தும் கழற்றிக் கொடுத்தவர்களின் பொருள் அது. அதற்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.